குட்டியானையை விட்டுவிட்டு இரண்டு டன் பிக்கப் எடுக்கலாமா? ஒரு வாழைக்காரரின் கணக்கு

ஆடிக் கடைசியில், ஓணத்துக்கு ஏத்தன் (நேந்திரன்) வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டிலிருந்து கிளம்பிய ஒரு விடியற்காலை, வழியில் ஓர் எடைமேடையில் வண்டியை ஏற்றினேன். எட்டு வருடமாகக் குட்டியானை எனப்படும் டாடா ஏஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். லோடோடு அதை எடை போட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மொத்தம் 2,230 கிலோ என்று சீட்டு அடித்துக் கொடுத்தார்கள். காலி வண்டியைக் கழித்தால் சரக்கு மட்டும் 1,310 கிலோ. அந்த வண்டி ஏற்ற வேண்டியது முக்கால் டன்.

வண்டி குனியவே இல்லை. காரணம், பின்னால் ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டிருந்தேன். நம் பக்கத்தில் குட்டியானை வாங்கும் ஆட்களில் பாதிப்பேர் முதல் மாதமே செய்கிற வேலை அது. பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் பிரேக்கு அதே பிரேக்குதான். 145 ஆர் 12 டயரும் அதே டயர்தான். இதை அன்றைக்கே கற்றுக்கொண்டேன். ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்கும்போது, பதிமூன்று கண் பாலத்துக்கு முன்னால், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். லைனர் கருகிய வாடை ஒரு மணி நேரம் போகவில்லை. எனக்கு எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் மெதுவாக ஏறி வந்து கடந்து போனது. அந்த வேன் இரண்டு நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் ராத்திரியில் நினைப்பு வரும்.

வண்டி மாற்றுவது என்று அன்றே முடிவாகிவிட்டது. எதற்கு மாற்றுவது என்பதில்தான் மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதத்தில் விசாரித்ததையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதுகிறேன். வாழை, காய்கறி, நெல் என்று ஏதோ ஒன்றை ஏற்றி இறக்கும் நம் ஊர்க்காரர்கள் பலரும் இதே யோசனையில் இருக்கிறார்கள்.

என் அத்தான் சொன்னது ஒரே வார்த்தை. "வாங்குறதுதான் வாங்குற மாப்ள, பெருசா வாங்கிரு." அவர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஓட்டுகிறவர். இரண்டு டன் பிக்கப் வைத்திருக்கிறார். அவருக்கு அது பொன் முட்டை. எனக்கும் அப்படித்தான் இருக்குமா என்று பார்க்க, நான் முதலில் எடுத்தது கம்பெனி நோட்டீஸ் அல்ல, என் டிரிப் நோட்டை.

ஒரு வருடத்தில் 214 டிரிப் அடித்திருந்தேன். அதில் முக்கால் டன்னுக்குள் முடிந்தவை 83. முக்கால் டன்னுக்கும் ஒன்றரை டன்னுக்கும் நடுவில் சரக்கு இருந்த நாட்கள் 105. ஒன்றரை டன்னுக்கு மேல் சரக்கு சேர்ந்து, இரண்டு நடை அடித்தோ இன்னொருவர் வண்டியில் இடம் கேட்டோ சமாளித்த நாட்கள் 26. இந்த மூன்று எண்கள்தான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தன. வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் இதை எழுதிப் பாருங்கள். நமக்கு நினைவில் நிற்பது ஓணத்துக்கு முந்தின பத்து நாட்கள்தான். மார்கழியில் வண்டி பாதி காலியாகப் போய்வந்தது யாருக்கும் நினைவில் இருக்காது.

சந்தையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். குட்டியானை 2005-இல் வந்தது. டீசலில் இரண்டு சிலிண்டர், 700 சிசி எஞ்சின், சுமார் 750 கிலோ. நம் ஊர்ச் சந்துகளுக்கும் குளத்துக்கரைகளுக்கும் அதைப்போல ஒரு வண்டி இல்லை. அதற்கு அடுத்தபடி, ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை டன் தூக்கும் நடுத்தர வண்டிகள்: அசோக் லேலண்ட் தோஸ்த், படா தோஸ்த் ஐ3, டாடா இன்ட்ரா வி30, வி50, மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் 1.3 டன் வகை. இதில் தோஸ்தும் இன்ட்ராவும் ஒன்றரை லிட்டர் அளவு எஞ்சின் உள்ளவை. பொலேரோ இரண்டரை லிட்டர். இன்ட்ரா வி50 80 குதிரைத்திறன், 1,500 கிலோ. அதற்கும் மேலே போனால் கனரக பிக்கப்: பொலேரோ மேக்ஸ் பிக்கப்பில் ஹெச்.டி. வரிசையின் இரண்டு டன் வண்டி, 2022-இல் வந்த டாடா யோதா 2.0, 1,860 கிலோ தூக்கும் படா தோஸ்த் ஐ4. யோதாவில் 2.2 லிட்டர் எஞ்சின், 100 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. புளியரை எஸ் வளைவில் இரண்டு டன்னோடு ஏறும்போது அந்த முறுக்குவிசை என்ன செய்யும் என்பதை அத்தான் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது கியரில், எஞ்சின் கத்தாமல், முன்னால் போன ஜல்லி லாரிக்குப் பின்னால் பொறுமையாக ஏறியது. அதே வளைவில் என் குட்டியானை முதல் கியரில் அழுதுகொண்டு ஏறும். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கும் பெரிய வண்டியே வேண்டும் என்றுதான் இருந்தது.

டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு வி-கிராஸ் மாதிரி வண்டிகளையும் சிலர் கேட்கிறார்கள். ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன். தோட்டத்துக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே வண்டி வேண்டும் என்கிறவர்களுக்கு அருமையான வண்டி. வாழைத்தார் ஏற்றிப் பிழைக்கிற கணக்கில் அது வராது. ஏற்றும் எடை அரை டன் பக்கம்தான், விலையோ மூன்று பிக்கப்பின் விலை. அதோடு அதை விட்டுவிடுகிறேன்.

டீசல் கணக்கு

களக்காட்டிலிருந்து ஏர்வாடி, பணகுடி, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போய்வர எனக்கு 240 கிலோமீட்டர் பக்கம் ஆகும். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குட்டியானை நியாயமான லோடில் 17 கிலோமீட்டர் கொடுக்கும். டீசலுக்கு 1,313 ரூபாய். ஒன்றரை டன் வண்டிக்கு 13 கிலோமீட்டர் என்றால் 1,717 ரூபாய். இரண்டு டன் வண்டிக்கு 11 கிலோமீட்டர் என்றால் 2,029 ரூபாய். மைலேஜ் எல்லாம் நானும் அத்தானும் பழகிய வண்டிக்காரர்களும் டேங்கை நிரப்பி நிரப்பிப் பார்த்தது, கம்பெனி சொன்னதல்ல.

இதைக் கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். 750 கிலோ ஏற்றிய குட்டியானையில் கிலோவுக்கு 1.75 ரூபாய். 1,500 கிலோ ஏற்றிய நடுத்தர வண்டியில் 1.14. இரண்டு டன் நிறைய ஏற்றிய பெரிய வண்டியில் 1.01. பெரியதுதான் மலிவு என்று அத்தான் சொல்வது இதனால்தான். ஆனால் "நிறைய" என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். அதே பெரிய வண்டியில் 1,200 கிலோ மட்டும் ஏற்றினால் கிலோவுக்கு 1.69 ஆகிவிடுகிறது; கிட்டத்தட்டக் குட்டியானை செலவு. அதே 1,200 கிலோவை நடுத்தர வண்டியில் ஏற்றினால் 1.43. அத்தானுக்கு வருடம் முழுக்க வெண்டை, கத்தரி, வெங்காயம் என்று மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்துகொண்டே இருக்கும். இரண்டு டன் நிறையாமல் அவர் கிளம்புவதில்லை. எனக்குத் தார் வெட்டு இருக்கும் நாளில்தான் சரக்கு.

சரி, கடன். நான் விசாரித்தபோது ஒன்றரை டன் வண்டி ரோட்டுக்கு வர எட்டு லட்சம் பக்கம், இரண்டு டன் வண்டி பத்து லட்சம் பக்கம் சொன்னார்கள். சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகான பேச்சு இது. கையிலிருந்து ஒன்றரை லட்சம் போட்டு மீதிக்கு ஐந்து வருடக் கடன், பத்தரை வட்டி என்றால், ஆறரை லட்சத்துக்கு மாதம் 13,970 ரூபாய் டியூ. எட்டரை லட்சத்துக்கு 18,270. வித்தியாசம் மாதம் 4,300, வருடத்துக்கு 51,600.

இப்போது அந்த 26 நாட்களுக்கு வருகிறேன். ஒன்றரை டன்னுக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டது வருடத்தில் 26 நாள்தான். 51,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,985 ரூபாய். அந்த நாளில் கூடுதலாக ஏற்றப்போவது அரை டன், அதாவது நாற்பது தார். அந்த நாற்பது தாரை ஊரிலிருந்து கேரளா போகும் இன்னொரு வண்டியில் இடம் கேட்டு ஏற்றினால் தாருக்கு 25 ரூபாய் வீதம் ஆயிரம் ரூபாயில் முடிகிறது. சொந்தப் பெருமையைத் தவிர, அந்தக் கூடுதல் 985 ரூபாய்க்கு எனக்கு என்ன கிடைக்கும்? இதே கேள்விக்கு அத்தானின் பதில் வேறு. அவருக்கு வருடத்தில் 250 நாள் இரண்டு டன் வேண்டும்; அவர் நாளுக்குக் கூடுதலாகத் தருவது 206 ரூபாய். அவர் எடுத்தது அவருக்குச் சரி.

எடை மட்டும் போதாது, இடமும் வேண்டும்

வண்டி விற்கும் இடத்தில் எல்லோரும் டன் பற்றியே பேசுகிறார்கள். வாழைக்காரருக்கு அது பாதிக் கதைதான். சிமென்ட் என்றால் ஐம்பது கிலோ மூட்டை நாற்பது போட்டால் இரண்டு டன். பெட்டியில் பாதி உயரம்கூட வராது. நெல்லும் செங்கலும் அப்படித்தான். தார் அப்படி இல்லை. அடியில் சருகு விரித்து, காம்பு மேலே பார்க்க ஒவ்வொன்றாகச் சாய்த்து நிறுத்தி, இடையில் சருகு திணித்து அடுக்குவோம். ஒன்பது, பத்தடிப் பெட்டியில் ஓர் அடுக்குக்கு அறுபது தார் கொள்ளும். இரண்டு அடுக்கு 120 தார், ஏறக்குறைய ஒன்றரை டன். மூன்றாவது அடுக்கு போட்டால் 160 வரை ஏறும், எடை இரண்டு டன்னைத் தொடும். ஆனால் அடியில் இருக்கும் தார் அவ்வளவு பாரத்தையும் நாலு மணி நேரம் தாங்க வேண்டும். இறக்கும்போது பச்சையாகத்தான் இருக்கும். மறுநாள் பழுக்கும்போதுதான் கறுப்புக் கறுப்பாகக் கன்றியது தெரியும்.

திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டில் நான் வழக்கமாகப் போடும் கமிஷன் கடை அண்ணாச்சி என் தாரை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார். "தம்பி, மேலே இருக்கிறது உம்ம தோட்டத்துச் சரக்கு. கீழே இருக்கிறது உம்ம வண்டி செஞ்ச சரக்கு." குட்டியானையில் 105 தார் ஏற்றுவது என்றால் மூன்று அடுக்கு. அன்றைக்கு முப்பது தாரை விலை குறைத்து எடுத்துக்கொண்டார். எடைமேடையில் நின்ற நாளுக்கு முன்பே அவர் எனக்குச் சொல்லிவிட்டார்; நான்தான் காதில் வாங்கவில்லை.

ஆக, வாழைக்கு இரண்டு டன் வண்டி வாங்கினாலும் ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றினால் சரக்குக்குக் கேடு. அந்தக் கூடுதல் அரை டன்னுக்கு ஐந்து வருடம் டியூ கட்டுவதில் அர்த்தம் இல்லை. பெட்டிகளில் அடுக்கி அனுப்பும் தக்காளி, கத்தரி என்றால் இந்தக் கணக்கு மாறும். பெட்டியே பாரத்தைத் தாங்கிவிடும்.

உயரமான லோடுக்கு இன்னொரு வில்லங்கம், நம் ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆனியிலிருந்து ஆவணி வரை அந்தக் காற்று பக்கவாட்டில் அறைந்தால், கேபினுக்கு மேலே தார் நிற்கும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். திரும்பி வரும்போது காலியாக, தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் இருந்தால் அதுவே பாய்மரம் ஆகிவிடும். அகலமான டயர், தாழ்ந்த லோடு, இரண்டும் அங்கே உயிர்காக்கும். இந்த விஷயத்தில் குட்டியானையைவிட எந்த பிக்கப்பும் மேல்.

மூன்று டன் கோடு

காகித வேலையில் ஒரு கோடு இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. வண்டியும் சரக்கும் சேர்ந்த பதிவு எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் தேவை. இன்ட்ரா வி50, படா தோஸ்த் ஐ3, பொலேரோவின் 1.3 டன் வகை எல்லாம் இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி செய்தவை. இரண்டு டன் வண்டி எதுவானாலும் கோட்டைத் தாண்டிவிடும். கேரளா போகிறவர் நேஷனல் பெர்மிட் எடுத்தால் வருடத்துக்கு 16,500 ரூபாய் கூட்டுக்கட்டணம், அங்கீகாரக் கட்டணம் தனி. எனக்கு வருடத்தில் நாற்பது கேரளா டிரிப். ஒரு டிரிப்புக்கு நானூறு ரூபாய்க்கு மேல் அதிலேயே போய்விடும். அத்தானுக்கு 250 டிரிப். அவருக்கு 66 ரூபாய்.

இன்ஷூரன்ஸில் எல்லோரும் தலைகீழாக நினைத்திருக்கிறோம். பெரிய வண்டிக்குப் பெரிய பிரீமியம் என்று நானும் நினைத்தேன். மூன்றாம் நபர் காப்பீட்டில் ஏழரை டன் வரை எல்லாச் சரக்கு வண்டிக்கும் ஒரே கட்டணம். 2022-இல் நிர்ணயித்தபடி 16,049 ரூபாய். குட்டியானைக்கும் அதுதான், இரண்டு டன் பிக்கப்புக்கும் அதுதான். வண்டி மதிப்பைப் பொறுத்த சொந்தச் சேதப் பகுதி மட்டுமே கூடும்.

டோலில் மாறும். ஃபாஸ்டேக் வகைப்படி குட்டியானையும் அதுபோன்ற மினி வண்டிகளும் காரோடு சேர்ந்தவை. பிக்கப் என்றால் இலகுரக வணிக வாகனம் என்கிற அடுத்த வகை. தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியில் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு என்றால் அடுத்த வகைக்கு 1.05 ரூபாய் என்றுதான் அடிப்படை வைத்தார்கள். அந்த விகிதம்தான் இன்றைக்கும் ஓடுகிறது. நாங்குநேரி டோலைத் தினமும் தாண்டுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுத்தர வண்டிக்கும் கனரக பிக்கப்புக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

லைசென்ஸ் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. இலகுரக வாகன (எல்.எம்.வி.) லைசென்ஸ் வைத்திருப்பவர் ஏழரை டன் வரை சரக்கு வண்டி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்துவிட்டது.

அதிக லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதோடு கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கிவிட வேண்டும். இருபதாயிரத்தைவிட, வெயிலில் ரோட்டோரம் ஐம்பது தாரை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு வண்டிக்கு நிற்பதுதான் பெரிய நஷ்டம்.

அப்படியானால் குட்டியானையே போதும் என்பவர்கள் யார்?

நிறையப் பேர். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். இரண்டு, மூன்று ஏக்கர் வாழை போட்டு, வள்ளியூருக்கோ திருநெல்வேலிக்கோ வாரம் இரண்டு நடை அடிப்பவர் எந்த பிக்கப்பும் எடுக்க வேண்டாம். வயலுக்குப் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வரப்பு. நடுவில் மடைக்கு மேல் எந்தக் காலத்திலோ போட்ட கல் பாலம். குட்டியானை சுமார் 4.3 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். எங்கள் தோட்டத்துக் களத்தில் பின்னால் எடுக்காமலே திருப்புவேன். பிக்கப்பை அங்கே கொண்டுபோனால் ஒரு கிலோமீட்டர் பின்னாலேயே வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதை களியாகும்போது மூன்று டன் எடை அதில் இறங்கினால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பல பாலங்களின் அடிமண் போயிருக்கிறது. மேலே பார்த்தால் தெரியாது.

அவர்களுக்கு நான் சொல்வது: வண்டியை வைத்துக்கொள்ளுங்கள், பட்டையைக் கழற்றுங்கள், அறுபது தாரோடு நிறுத்துங்கள். பெரிய வெட்டு நாளில் பிக்கப்பை வாடகைக்குச் சொல்லுங்கள். டியூ இல்லாத வண்டி வீட்டில் நிற்பது ஒரு நிம்மதி. மைனி ஒருத்தர் சொல்வார், "நிக்கிற வண்டிக்கும் டியூ கட்டணும், படுத்த மாட்டுக்கும் தீவனம் போடணும்" என்று.

புதிய டீசல் வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது நிறைந்ததும் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடாக வேண்டும்; ஒரே சீராகக் கொஞ்ச நேரம் நல்ல ரோட்டில் ஓட வேண்டும். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர், ரோட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர் என்றே ஓடும் வண்டியில் அது நடக்காது. எங்கள் தெருவில் ஒருவர் செங்கல் சூளைக்கு ஓட்டும் வண்டியில் ஃபில்டர் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அணைந்துவிடும் என்று விட்டார். கடைசியில் வண்டி இழுவை குறைந்து ஷெட்டுக்குப் போனது, பெரிய பில். குறை வண்டியில் இல்லை, ஓட்டத்தில்தான். அப்படிக் குறுகிய தூரம் மட்டும் ஓடுகிறவர்கள் டீசல் பிக்கப்பை விட்டு சி.என்.ஜி.யோ மின்சார வண்டியோ பார்ப்பது நல்லது. ஏஸ் மின்சார வண்டி 2022-இல் 600 கிலோவோடு வந்தது, பிறகு ஒரு டன் வகையும் வந்துவிட்டது. எனக்குக் கேரளா ஓட்டம் இருப்பதால் ஃபில்டர் பிரச்சினை இல்லை.

பழைய பிக்கப் வாங்கலாமா என்றும் பார்த்தேன். பி.எஸ். 4 வண்டி, ஃபில்டர் தொல்லை கிடையாது, எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பார். நாலு வண்டி பார்த்தேன். மூன்றில் சேசிஸில் வெல்டிங் போட்ட தடம். பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, பின்பட்டை பொருத்தும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். பெயின்ட் மட்டும் புதிதாக இருக்கும். எல்லாம் மணலோ ஜல்லியோ அளவு மீறி ஏற்றிய வண்டிகள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், அதற்கு முன்னால் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. நான் தப்ப நினைத்ததே அதிக லோடிலிருந்து. இன்னொருவர் அதிக லோடு ஏற்றி அடித்த வண்டியை வாங்க மனம் வரவில்லை.

கடைசியில் ஒன்றரை டன் வண்டிதான் எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்பவர்களுக்கு: டாடா, லேலண்ட், மகிந்திரா மூன்றுமே நல்ல வண்டிகள். உங்கள் ஊருக்கு அரைமணி தூரத்தில் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸும் பாகமும் கிடைக்கிறதோ அதை எடுங்கள். எனக்கு வள்ளியூரில் பழகிய மெக்கானிக் எதைப் பிரித்துப் பூட்டுவாரோ அதுவே அமைந்தது. வாங்கும் முன் காலி வண்டியை டெஸ்ட் டிரைவ் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். டீலரிடம் கேட்டால் டெமோ வண்டியில் மூட்டை ஏற்றித் தருவார்கள். ஒரு டன் ஏற்றி, ஏற்றத்தில் நிறுத்தி, கைபிரேக்கை விட்டு எடுத்துப் பாருங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஏறுவதைவிட இறங்குவதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

டீசல் மிச்சத்தை வைத்து மட்டும் டியூ கட்ட முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சட்டப்படி குட்டியானையிலேயே ஓட்டியிருந்தால் அந்த 105 நாளும் இரண்டு நடை. நாற்பது கேரளா டிரிப்புக்குக் கூடுதல் டீசல் 52,500, உள்ளூர் 65 நாளுக்கு 32,000. ஆக 84,500 ரூபாய். ஒன்றரை டன் வண்டி நடைக்கு அதிகம் குடிக்கும் டீசலைக் கழித்தால் மிச்சம் இன்னும் குறையும். டியூவோ வருடத்துக்கு 1,67,640. மீதி ரிட்டன் லோடிலிருந்து வர வேண்டும். அதனால் வண்டி புக் செய்யும் முன்பே திருவனந்தபுரம் பக்கம் இரண்டு மொத்தக் கடைகளில் பேசி வைத்தேன். அன்னாசி, பலாக் காலத்தில் பலா, இல்லாவிட்டால் காலி பிளாஸ்டிக் பெட்டிகள். டிரிப்புக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வந்தால் நாற்பது டிரிப்புக்கு ஒரு லட்சம். ரிட்டன் லோடு பேசாமல் யாரும் வண்டி எடுக்க வேண்டாம். காலியாகத் திரும்பும் பிக்கப்பைவிடச் செலவு வைக்கும் வண்டி கிடையாது.

இன்னொரு விஷயம். பெட்டி பெரிதானதும் ஆள் ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். நடவுக்கு, களைக்கு, கோயில் கொடை விழாவுக்கு. சொந்தக்காரர்கள்தான் கேட்பார்கள், மறுப்பது கஷ்டம். சித்தி ஒருத்தி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனாலும் ஏற்றவில்லை. சரக்கு வண்டியில் நின்றுகொண்டு போகும் ஆளைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. இன்ஷூரன்ஸும் கை கொடுக்காது. பேருந்துக் காசை நான் கொடுக்கிறேன் என்று சொன்னேன், இரண்டு தடவை கொடுத்தும் இருக்கிறேன்.

பெட்டியில் சின்ன வேலைகள் செய்துகொண்டேன். அடித்தகட்டில் மேடு பள்ளம் தார்த்தண்டில் குத்தாமல் இருக்க ரப்பர் விரிப்பு. பக்கத்துக்கு ஆறு கொக்கி, கயிறு கட்ட. இரண்டு அடுக்கு தார் எவ்வளவு உயரம் வருமோ அந்த உயரத்தில் உள்பக்கம் ஒரு சிவப்புக் கோடு. லோடு ஏற்றும் பையன்கள் அதற்கு மேல் கேட்டால், கோட்டைக் காட்டுகிறேன். கூடுதல் பட்டை போடவில்லை.

போன வெட்டுக்கு அதே எடைமேடையில் ஏற்றினேன். சரக்கு 1,460 கிலோ, 118 தார். குட்டியானையைப் பக்கத்து ஊரில் இளநீர் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு விற்றுவிட்டேன். சாவி கொடுக்கும் முன்பு அந்த இரண்டு பட்டையையும் கழற்றி எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். பழைய எடைச் சீட்டை அவரிடம் காட்டினேன்.